பத்தாயிரம் ரூபாயில் போர்ட்ரெய்ட் போட்டோகிராபி கற்க முடியுமா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் ஜவுளிக் கடையில் கணக்கு வேலை, ஞாயிறு மட்டும் விடுமுறை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனான் 1500டி கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் கையில் இருக்கின்றன. செலவழிக்க முடிந்தது பத்தாயிரம் ரூபாய். சென்னையில் நீங்கள் விசாரித்த இடத்தில் மூன்று மாத வகுப்புக்கு எழுபத்தைந்தாயிரம் கேட்டிருக்கிறார்கள். போர்ட்ரெய்ட், அதாவது ஆட்களின் முகம் பேசுகிற மாதிரி படமெடுக்க, குறைந்த செலவில் எங்கே கற்கலாம், சான்றிதழ் இல்லாவிட்டால் மதிப்பார்களா என்று கேட்கிறீர்கள். பெண் என்பதால் ஸ்டுடியோவில் வேலைக்குப் போக வீட்டில் தயங்குகிறார்கள் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கேட்டது இடத்தைப் பற்றி. ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, கஷ்டப்பட்டுச் சேர்த்த இந்தப் பணத்தை எதில் போட்டால் வீணாகாது என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் கோவைப் பக்கம் பல வருடங்களாகக் கல்யாணமும் குடும்பப் படங்களும் எடுத்து வருகிறேன், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். என் அனுபவம் அந்த வட்டத்துக்குள்தான். ஃபேஷன், விளம்பரம் போன்றவற்றுக்கு நான் சொல்வது எந்த அளவு பொருந்தும் என்று உறுதி தர மாட்டேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அப்பெர்ச்சர் (லென்ஸ் எவ்வளவு திறக்கிறது), ஷட்டர் ஸ்பீட் (எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது), ஃபோகஸ், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுப்பது, கணினியில் நிறம் சரிசெய்வது, இவற்றையெல்லாம் காசு கொடுத்துக் கற்க வேண்டியதில்லை. யூடியூபில் தமிழிலேயே போதுமான அளவு கிடைக்கிறது. வகுப்பில் உட்கார்ந்து கேட்டாலும் அதே விஷயம்தான். காசு கொடுக்கத் தகுந்தது வேறு. நீங்கள் எடுத்த படங்களை, உங்களைவிட அதிகம் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, "இங்கே தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லியிருக்கலாம், இந்த வெளிச்சம் கண்ணுக்குள் போகவில்லை, பின்னால் இருக்கிற கம்பி தலையில் முளைத்த மாதிரி இருக்கிறது" என்று சொல்வது. அது எந்த வீடியோவிலும் கிடைக்காது. எழுபத்தைந்தாயிரம் ரூபாய் வகுப்பிலும் அது கிடைக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் கிடைக்கும். பல இடங்களில் கிடைக்காது.

ஈரோட்டிலேயே இலவசமாக இருக்கிற ஒரு வழி பலருக்குத் தெரிவதில்லை. மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்துகிற கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன, மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் திட்டம். தமிழ்நாட்டில் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கனரா வங்கி போன்றவை நடத்துகின்றன. ஈரோட்டில் கொல்லம்பாளையத்தில் கனரா வங்கியின் நிலையம் இருக்கிறது. தையல், செல்போன் பழுது பார்ப்பது, அழகுக்கலை என்று பல பயிற்சிகளோடு போட்டோகிராபி, வீடியோகிராபியும் 30 நாள் பயிற்சியாக அவர்கள் பட்டியலில் உண்டு. கட்டணம் இல்லை, சாப்பாடும் இலவசம், முடிவில் சான்றிதழ் தருவார்கள். தொழில் தொடங்க வங்கிக் கடனுக்கும் வழிகாட்டுவார்கள். கிராமப்புறத்தில் வசிப்பவர்களுக்கே முன்னுரிமை. உங்கள் முகவரி பெருந்துறை, பவானி பக்கத்து ஊராட்சி எதிலாவது இருந்தால் தயங்காமல் போய்க் கேளுங்கள். எந்தத் தேதியில் எந்தப் பயிற்சி தொடங்கும் என்று உள்ளூர் நாளிதழில் வரும், நேரில் போய்ப் பெயர் கொடுத்து வைப்பது அதைவிட நல்லது. ஆட்கள் சேர்ந்த பிறகுதான் ஒரு பயிற்சி தொடங்கும் என்பதால் சில மாதம் காத்திருக்க வேண்டி வரலாம்.

இதில் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அது முழுநாள் பயிற்சி. ஒரு மாதம் கடையில் லீவு கிடைக்குமா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். சம்பளத்தை இழந்து போகலாமா என்று கேட்டால், போட்டோகிராபியைத் தொழிலாகவே எடுக்கும் எண்ணம் இருந்தால் போகலாம் என்பேன், ஆசைக்காக என்றால் வேண்டாம். அங்கே சொல்லித் தருவது தொழிலுக்கான அடிப்படை: பாஸ்போர்ட் படம், விசேஷப் படம், போட்டோஷாப், கணக்கு வழக்கு, வாடிக்கையாளரிடம் பேசும் முறை. ஒரு முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்கு அதில் அவ்வளவு நேரம் கிடைக்காது. அதைத் தனியாகத்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னை வரை போக முடிந்தால், அதிகம் செலவில்லாமல் நல்ல கண்கள் கிடைக்கிற இடம் போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ். 1850-களில் தொடங்கிய சங்கம், இன்றும் நடக்கிறது. உறுப்பினர்கள் கூடிப் படங்களைப் பார்த்துப் பேசுகிறார்கள், தொடக்கநிலை வகுப்புகளும் நடத்தியிருக்கிறார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை நடக்கிற புகைப்படத் திருவிழாவான சென்னை போட்டோ பியனாலே 2016-இல் தொடங்கியது. அது நடக்கிற சமயத்தில் கண்காட்சிகளைக் காசில்லாமல் பார்க்கலாம், பயிலரங்குகளும் நடக்கும். சனிக்கிழமை இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் ஞாயிறு விடிவதற்குள் சென்னை, அன்று இரவே திரும்பி ஏறினால் திங்கள் காலை ஈரோடு. மாதம் ஒருமுறை முடியாவிட்டாலும் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போய் வரலாம். கட்டணமும் தேதியும் மாறிக்கொண்டே இருக்கும், போன் செய்து கேட்காமல் கிளம்பாதீர்கள். தரமணி அரசு திரைப்பட நிறுவனத்தின் பட்டப்படிப்போ, ஊட்டி லவ்டேலில் 2001-இல் தொடங்கிய லைட் அண்ட் லைஃப் அகாடமியோ இப்போது உங்களுக்கானவை அல்ல. இரண்டுமே முழுநேரப் படிப்பு, இரண்டாவதில் செலவும் லட்சக்கணக்கில்.

ஈரோட்டுக்குள்ளேயே இன்னொரு வாசல், போட்டோ வீடியோ கலைஞர்கள் சங்கம். ஏறக்குறைய எல்லா மாவட்டத்திலும், பல தாலுகாக்களிலும் இருக்கிறது. கேமரா கம்பெனிகள் புது மாடலைக் காட்ட வரும்போது இந்தச் சங்கங்கள் மூலம்தான் மண்டபத்தில் பயிலரங்கு வைப்பார்கள். இலவசமாகவோ, மதியச் சாப்பாட்டுக்கு ஆகும் அளவு கட்டணத்திலோ நடக்கும். நிக்கான் ஸ்கூல் என்ற பெயரில் நிக்கானும் இந்தியா முழுக்கப் பயிலரங்கு நடத்துகிறது. அவர்கள் வருவது கேமரா விற்கத்தான், அதில் தப்பில்லை, நீங்கள் வாங்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. பெரிய சாஃப்ட்பாக்ஸை (லைட்டின் வெளிச்சத்தை மெத்தென்று பரப்புகிற துணிப்பெட்டி) மூன்றடியில் வைத்தால் முகம் எப்படி மாறுகிறது, பத்தடிக்குத் தள்ளினால் எப்படி மாறுகிறது என்பதை நேரில் பார்க்க அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட தினத்தை ஒட்டிச் சங்கங்கள் ஏதாவது நடத்துவார்கள், அந்த வாரம் விசாரித்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை "மாடல் ஷூட் வொர்க்‌ஷாப்" என்று இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு விளம்பரம் வரும். இதில் மட்டும் கவனமாக இருங்கள். லைட்டை நடத்துகிறவரே வைத்துவிடுவார், மாடல் தொழில்முறையாக நிற்பார், இருபது பேர் வரிசையாக ஷட்டரை அழுத்துவார்கள். வீட்டுக்கு வரும்போது அழகான படம் கையில் இருக்கும், ஆனால் அந்தப் படத்தில் நீங்கள் முடிவு செய்தது எதுவும் இருக்காது. மறுநாள் உங்கள் அத்தையை வீட்டில் உட்காரவைத்து எடுத்தால் என்ன செய்வதென்று தெரியாது. பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: மொத்தம் எத்தனை பேர், லைட்டை நாங்களே வைத்துப் பார்க்க விடுவீர்களா, நான் எடுத்த படங்களைக் கடைசியில் பார்த்துச் சொல்வீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். பத்துப் பேருக்குள், அவரவர் கையால் லைட் வைத்துப் பழகுகிற மாதிரி இருந்தால் மூவாயிரம் கொடுக்கலாம்.

ஆன்லைன் வகுப்புகளில் ஆங்கிலம் ஓரளவு புரிந்தால் ஃப்ளாஷ் வெளிச்சத்துக்கு டேவிட் ஹாபி என்பவரின் ஸ்ட்ரோபிஸ்ட் தளத்தில் 'லைட்டிங் 101' பாடங்கள் இலவசம். 2006-இல் தொடங்கிய தளம், இப்போது புதிதாக எதுவும் வருவதில்லை, ஆனால் பாடங்கள் கெட்டுப்போகவில்லை. வெளிச்சத்தின் இயல்பு மாறாது அல்லவா. யூடெமியில் மூவாயிரம் ரூபாய் என்று போட்டிருக்கிற கோர்ஸ் அடிக்கடி ஐநூறு ரூபாய் அளவுக்கு இறங்கும். முழு விலை கொடுத்து வாங்க வேண்டாம். ஒன்று வாங்கினால் போதும், முடித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

வெளிநாட்டுப் பாடங்களில் நம்மை ஏமாற்றுகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே மாதிரிக்குக் காட்டுகிற முகங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல். அவர்கள் சொல்கிற எக்ஸ்போஷர் அளவை அப்படியே நம் முகங்களுக்குப் போட்டால் சரிவராது. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை வேட்டி கட்டிய கறுத்த தாத்தாவை நிறுத்தினால், வெள்ளையைக் குறைப்பதற்காக மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், தாத்தாவின் முகம் கரி பூசினதுபோல் ஆகிவிடும். அங்கே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது மீட்டர் சொல்வதைவிடக் கூட்டவோ குறைக்கவோ கேமராவில் இருக்கிற வசதியை, முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் ஏற்ற வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). அதே தாத்தா இருட்டான வாசற்படிக்குள் நின்றால் நேரெதிர், நெற்றி வெளுத்துப் போகும், அரை ஸ்டாப் இறக்க வேண்டும். கறுத்த தோலின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது. பெரிய ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் அகலமாக விழுந்தால் முகத்தின் வடிவம் அப்படியே தெரியும். கேமரா மேல் இருக்கிற சின்ன ஃப்ளாஷை நேராக அடித்தால் நெற்றியிலும் மூக்கிலும் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். இதை நம் ஊர் முகங்களை வைத்து நீங்களேதான் பழக வேண்டும்.

பழகுவதற்கு இடம் வீடுதான். திண்ணை இருக்கிற வீடு உங்கள் சொந்தத்தில் யாருக்காவது இருந்தால் காசில்லாத ஸ்டுடியோ அது: மேலே கூரை, ஒரு பக்கம் முழுக்கத் திறந்த வானம், உச்சி வெயிலிலும் மெத்தென்ற வெளிச்சம். இல்லாவிட்டால் வெயில் நேராக விழாத ஒரு ஜன்னல் போதும். அறையில் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகத்தில் ஒரு பக்கம் நிறம் மாறும். பச்சை, ரோஸ் பெயின்ட் அடித்த சுவர் பக்கத்தில் இருந்தாலும் அந்த நிறம் கன்னத்தில் ஏறும். லென்ஸை 55 மிமீ-க்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள். 1500டி-யில் அது பழைய ஃபிலிம் கேமராவின் 88 மிமீ-க்குச் சமம், முகத்துக்கு நல்ல அளவு. 18 மிமீ-யில் கிட்டப் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகும், அதற்குக் காரணம் நீங்கள் நிற்கிற தூரம். ஆறேழு அடி தள்ளி நில்லுங்கள். அப்பெர்ச்சர் 5.6, ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/125-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டு, கேமராவுக்குக் கிட்டே இருக்கிற கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓ-வை 1600 வரை தயங்காமல் ஏற்றலாம். கொஞ்சம் மணல் மணலாக இருந்தாலும் பரவாயில்லை, ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

முதல் மாதம் முழுக்க ஒரே ஆள், ஒரே ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியை ஜன்னலை ஒட்டிப் போட்டு ஒரு படம், மூன்றடி தள்ளி ஒன்று, அறையின் அந்தக் கோடியில் ஒன்று. பிறகு ஆளை உட்கார்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள்: ஜன்னலை நேராகப் பார்த்து, கால்வாசி திரும்பி, பாதி திரும்பி, முதுகு காட்டி. மூக்கின் நிழல் எங்கே விழுகிறது, கண்ணுக்குள் வெள்ளைப் பொட்டாக ஜன்னல் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தப் பொட்டு இல்லாத கண் செத்துக் கிடக்கும். நிழல் பக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால் ஒரு தெர்மாகோல் அட்டையை எதிர்ப்பக்கம் பிடியுங்கள், சினிமா ஷூட்டிங்கிலும் அதைத்தான் பிடிக்கிறார்கள். அடுத்த மாதம் ஆளை மாற்றுங்கள். வயதானவர், குழந்தை, கண்ணாடி போட்டவர், கேமரா என்றாலே விறைத்துக்கொள்கிறவர். இந்தக் கடைசி ஆள்தான் உங்களுக்கு வாத்தியார். அவரிடம் "சிரிங்க" என்று சொன்னால் பல்லைத்தான் காட்டுவார். அவர் தொழிலைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ கேட்டுவிட்டு, பதில் முடிகிற நேரத்தில் எடுங்கள். நான் பார்த்தவரை, போர்ட்ரெய்ட்டில் பாதிக்கு மேல் இந்தப் பேச்சுதான். ஜவுளிக் கடையில் ஆட்களோடு பழகிய அனுபவம் இங்கே உங்களுக்குக் கைகொடுக்கும்.

எடுத்த படத்தில் நல்லதை லேபில் பிரின்ட் போட்டு, படத்தில் இருக்கிறவருக்கே கொடுங்கள். 4x6 அளவுக்குப் பெரிய செலவாகாது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கும் கையில் கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அடுத்த முறை அவரே பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிவருவார். யாருடைய படத்தையும் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள், முக்கியமாகச் சின்னப் பெண்களின் படங்களை.

ஸ்டுடியோ பற்றி வீட்டில் தயங்குவது எனக்குப் புரிகிறது. கல்யாண வேலை என்றால் முதல் நாள் ரிசப்ஷன் முடிய நள்ளிரவு ஆகும், அதிகாலை முகூர்த்தத்துக்கு மறுபடி நிற்க வேண்டும். ஆனாலும் இந்த வழியை முழுவதும் மூடிவிடாதீர்கள். பகலில் நடக்கிற வளைகாப்பு, காதுகுத்து, சீர் போன்ற விசேஷங்களுக்கு மட்டும் வருகிறேன் என்று கேட்கலாம். பெண் போட்டோகிராபர் இருக்கிற டீமாகத் தேடுங்கள், இப்போது ஈரோடு, கோவை, திருப்பூர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வளைகாப்பு, கர்ப்பகாலப் படம், மஞ்சள் நீராட்டு விழா இவற்றுக்குப் பெண்தான் எடுக்க வேண்டும் என்று கேட்கிற குடும்பங்கள் நிறைய, அதனால் அவர்களுக்கும் உங்களை மாதிரி ஆள் தேவைதான். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் லைட் பிடிக்கக்கூட ஆள் கிடைக்காது, அப்போது கேளுங்கள். லைட் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலையைக் குறைவாக நினைக்க வேண்டாம். நாற்பது பேர் கொண்ட குடும்பத்தை இரண்டு நிமிடத்தில் வரிசைப்படுத்துகிற வித்தையை அங்கேதான் பார்க்கலாம். ஆனால் ஸ்டுடியோவில் ஒன்றைக் கற்காதீர்கள்: படத்தில் ஆளை வெளுப்பாக்குவது. "கொஞ்சம் கலராக்கிக் கொடுங்க" என்று வாடிக்கையாளரே கேட்பார், பல இடங்களில் கேட்காமலே செய்துவிடுவார்கள். மாநிறத்துப் பெண்ணின் கல்யாண ஆல்பத்தில் வேறு யாரோ இருப்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிற விஷயம். பருவை அழியுங்கள், தோலின் நிறத்தில் கை வைக்காதீர்கள்.

சான்றிதழ் விஷயம். குடும்பப் படம், கல்யாணம் என்று வருகிற யாரும் என்னிடம் சான்றிதழ் கேட்டதில்லை, முன்பு எடுத்த படங்களைத்தான் கேட்பார்கள். வங்கிக் கடனுக்குப் போகும்போது மேலே சொன்ன 30 நாள் பயிற்சிச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. பத்திரிகை, கல்லூரி போன்ற இடங்களில் சம்பள வேலை தேடினால் பட்டமோ டிப்ளமாவோ கேட்கக்கூடும், அது வேறு பாதை.

சரி, பத்தாயிரத்துக்கு வருவோம். நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். ஆயிரத்து ஐநூறுக்குள் வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்புகிற ஒரு மடக்கு ரிஃப்ளெக்டர், ஆன்லைன் கோர்ஸ் ஒன்று ஐநூறு, பிரின்டுக்கு ஆயிரம். மூன்றாயிரத்தை ஆள் குறைவாக இருக்கிற ஒரு பயிலரங்குக்கு ஒதுக்குங்கள். மிச்சம் நாலாயிரத்தை, உங்கள் ஊரில் யாருடைய படங்கள் உங்களுக்குப் பிடிக்கிறதோ அவரிடம் போய், "அண்ணா, மூன்று மாதமாக எடுத்ததில் நாற்பது படம் கொண்டு வந்திருக்கிறேன், ஒரு மணி நேரம் பார்த்துச் சொல்ல முடியுமா, உங்கள் நேரத்துக்குப் பணம் தருகிறேன்" என்று கேட்கவே வைத்துக்கொள்ளுங்கள். பலர் பணமே வாங்க மாட்டார்கள். வாங்கினாலும் மூன்று நான்கு முறைக்குக் காணும். சும்மா பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பதைவிடப் பணம் தருகிறேன் என்று கேட்டால் உட்கார்ந்து பார்ப்பார்கள். 50 மிமீ 1.8 லென்ஸ் வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல லென்ஸ்தான், ஆனால் பின்னணியை மங்கலாக்கியே தப்பித்துக்கொள்கிற பழக்கம் அதில் சீக்கிரம் வந்துவிடும். ஆறு மாதம் கையில் இருக்கிற 18-55 லென்ஸில் எடுத்துவிட்டு, முதல் வேலையின் காசில் வாங்குங்கள். எடிட்டிங்குக்குக் கணினியில் டார்க்டேபிள், போனில் ஸ்னாப்சீட், இரண்டும் இலவசம்.

இந்த மலிவு வழிகள் எதுவும் பொருந்தாத வேலை ஒன்று இருக்கிறது, பிறந்து சில நாளான குழந்தைகளைத் துணியில் சுற்றிப் படுக்கவைத்து எடுக்கிற படம். இப்போது அதற்குக் கேட்பு அதிகம், உங்களையும் கேட்பார்கள். தலை நிற்காத குழந்தையை வளைத்து வைப்பதை வீடியோ பார்த்துச் செய்யக் கூடாது. கையில் தாடை தாங்கினபடி காட்டுகிற சில போஸ்கள் இரண்டு படங்களை ஒட்டிச் செய்தவை, நிஜத்தில் யாராவது கடைசிவரை குழந்தையைப் பிடித்திருப்பார்கள். அதை முறையாகச் செய்கிறவரிடம் நேரில் இருந்து பழகிய பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். அதுவரை, மடியில் குழந்தையோடு அம்மாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து எடுத்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.